தளவாடம் லயத்துக்குப் போகாது

ஜொகூரில், காஹாங் போகிற பாதையில் இருந்த நாலாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் எதற்குக் குறைச்சல் வந்தாலும் வரும், சட்டத்துக்குக் குறைச்சல் வராது. விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எப்படி வரிசையாக நிற்பது, எந்தக் கையால் குயினின் வாங்கிக் குடிப்பது, விழுங்கியாயிற்று என்று காட்ட வாயை எவ்வளவு அகலம் திறப்பது, எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் இருந்தது. பால் வெட்டும் கத்தியையும் வாளியையும் காலையில் ஸ்டோரில் வாங்க வேண்டும். பால் நிறுத்து முடிந்ததும் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிள்ளை பெறுவதற்கு மட்டும்தான் சட்டம் இல்லாமல் இருந்தது. அந்தக் குறையும் ராசம்மாவால் தீர்ந்தது என்று தோட்டத்து ஆபீசில் ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ராசம்மா பால்வெட்டுக்காரி. பெற்றது ஐந்து, தங்கியது மூன்று. கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் வெள்ளைத் துணி மாதிரி வெளுத்துக் கிடந்தாள். குளுவாங்கிலிருந்து மோட்டாரில் வந்துபோகும் டாக்டர் துரை கட்டிலருகே நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல், அங்கே மருந்து கொடுக்கும் டிரஸர் தோமஸிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"என்னங்கய்யா சொன்னாரு?" என்று ராசம்மா கேட்டாள்.

"இன்னொரு தடவ வயித்துல வாங்கினா நீ பொழைக்க மாட்டியாம்."

"அப்ப நான் என்ன செய்யணுமாம்?"

"அத அவரு சொல்லல. அதுக்குள்ள மோட்டாரு கெளம்பிடுச்சு."

உடம்பு தேறி லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பிய அன்றே அடுப்படியில் வைத்துக் காளியப்பனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவள் புருஷன் நல்லவன். சம்பளத் தேதியில் மட்டும் கள்ளுக்கடைக்குப் போவான். போனால் சொந்த லயம் எதுவென்று மறந்துபோகும், அவ்வளவுதான் அவனிடம் இருந்த குற்றம்.

"நீ போயிட்டா இந்த மூணையும் வெச்சிக்கிட்டு நான் எங்கடி போவேன்?" என்று கண் கலங்கினான். கலங்கியதோடு நிற்காமல் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் வாசலில் படுத்துக்கொண்டான்.

வாசலில் படுப்பது எத்தனை நாளைக்கு நடக்கும்? மழை பெய்தால் அவன் நனைவான். அது கிடக்கட்டும், அவளுக்கும் அவன்மேல் ஆசை உண்டு. அதை ஒளிப்பானேன்? சாகாமலும் இருக்க வேண்டும், புருஷனோடும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் பேராசையா என்று தெரிந்துகொள்ளத்தான் அவள் டிரஸரிடம் போனாள்.

தோமஸ் ஜன்னலைச் சாத்தினார். சாத்தினதும் அறை இருட்டாகப் போனதால் மறுபடி திறந்தார். அவளைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த மலேரியாக் கொசுப் படத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"வழி இருக்கு. ஆம்பள மாட்டிக்கிற உறைன்னு ஒண்ணு. அது காளியப்பன் பொறுப்பு."

"அது வேண்டாங்க. சம்பளத் தேதியில அவருக்கு இடுப்புல வேட்டி நிக்கறதே பெருசு."

"கடல் பஞ்சுன்னு ஒண்ணு. காடியில நனைச்சு நீ வெச்சிக்கணும்."

"காடிக்கு சீனன் கடைக்குப் போவணும். எதுக்குன்னு கேப்பானே."

"ஊறுகாய்க்குன்னு சொல்லு."

"மாசம் பூராவுமா ஊறுகா போடறேன்?"

தோமஸ் கொசுவை இன்னும் கூர்ந்து பார்த்தார். "நாள் பாத்து இருக்கறதுன்னு ஒண்ணு. மாசத்துல சில நாளு ஆபத்து, சில நாளு ஆபத்தில்ல."

"எந்த நாளுங்க ஆபத்தில்ல?"

"அதுலதான் டாக்டருங்களுக்குள்ளயே சண்டை நடக்குது. கடைசியா ரப்பர் குல்லான்னு ஒண்ணு இருக்கு. சின்னது. ராத்திரி நீயே உள்ள வெச்சிக்கலாம். யாரையும் கேக்க வேண்டியதில்ல, புருஷனையும் நம்ப வேண்டியதில்ல. மறுநாள் எடுத்துக் கழுவி வெச்சா ரொம்ப நாளைக்கு உழைக்கும்."

ராசம்மா யோசிக்கவே இல்லை. "எனக்கு அந்தக் குல்லாவக் குடுங்கய்யா."

தோமஸ் திடுக்கிட்டுக் கொசுவிடமிருந்து கண்ணை எடுத்தார். "குடுக்கறதா? என்னென்ன வழி இருக்குன்னுதான் நான் சொன்னேன். எதுன்னு முடிவு பண்றது நீயும் இல்ல, நானும் இல்ல. துரை உத்தரவு வேணும்."

அது ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிருந்த காலம். வேலை இல்லையென்று கப்பல் கப்பலாக ஜனங்களை நாகப்பட்டணத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துப் பெரிய துரைக்கும் வேலை குறைந்து, அதற்குப் பதிலாக யோசனைகள் பெருகியிருந்தன. ராசம்மாவின் சங்கதி காதில் விழுந்ததும் உற்சாகமாகி, லயத்து க்ஷேமக் கமிட்டி என்று ஒன்றை அன்றைக்கே உண்டாக்கினார். கமிட்டியில் துரை, டிரஸர் தோமஸ், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஸ்டோரையும் கணக்கையும் பார்த்துவந்த கிராணி சதாசிவம், பெரிய காங்காணி ஐயாசாமி ஆகிய நால்வர். யாருடைய உயிரைப் பற்றிப் பேசினார்களோ அவளை ஆபீஸ் வராந்தாவுக்கு வெளியே வெயிலில் நிறுத்தியிருந்தார்கள்.

துரை தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறினவர். அதனால் யாரிடமும் இங்கிலீஷில் பேசமாட்டார்.

"ராசம்மா, நீ இருக்கின்றாயா?" என்று உள்ளிருந்து கேட்டார்.

"இருக்கேங்க."

"நல்லது. இரு."

அன்று கமிட்டி அவளைக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

முதலில் காங்காணி எழுந்து தலைப்பாகையைச் சரி செய்துகொண்டார். "துரைங்களே, இந்த ஜனத்த நான் ஊருல போயி, கெஞ்சிக் கூத்தாடிக் கப்பலேத்திக் கூட்டியாந்தேன். இதுங்க பெத்துப் பெருகினாத்தான் நாளைக்கு எனக்குக் கீழ ஆளு நிக்கும். பெக்காதன்னு நானே சொன்னா என் மரியாத என்னாவறது? ராசம்மா பெக்க வேண்டாம்னா நிறுத்திக்கட்டும். அவளுக்குப் பதிலா வேற எவளாவது கூட ஒண்ணு பெத்துக் குடுக்கட்டும். எனக்கு ஆளு கொறையக் கூடாது, அவ்வளவுதான்."

கிராணிக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. இருந்தாலும் கமிட்டி என்றால் கருத்துச் சொல்லித்தான் ஆகவேண்டும். "செவ்வாய், வெள்ளி, பிரதோஷம், கார்த்திகை, கந்தசஷ்டி எண்டு விரதங்களை ஒழுங்காப் பிடிச்சால் பிறகு மிச்ச நாள் எங்கை இருக்கு? ரப்பரும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். எங்கட வீட்டில அப்பிடித்தான்" என்றார். கிராணி வீட்டில் எட்டுப் பிள்ளைகள். அதை யாரும் அங்கே நினைவுபடுத்தவில்லை.

தோமஸ் தன் பங்குக்கு, ஆஸ்பத்திரியில் குயினின் மலையாகக் குவிந்திருக்கிறது, அதை மாத்திரையாக உருட்டி உள்ளே வைத்தாலும் தடுக்கும் என்று சீமையில் சொல்கிறார்கள் என்றார். காய்ச்சலுக்குக் கொடுக்கிற மருந்தை வேறு இடத்தில் செலவழித்தால் காய்ச்சல் கோபித்துக்கொள்ளும் என்று துரை மறுத்துவிட்டார்.

இப்படியே மூன்று கூட்டம் நடந்தது. மூன்று கூட்டத்துக்கும் ராசம்மா அரைநாள் வேலையை விட்டுவிட்டு வெயிலில் நின்றாள். மூன்றாவது கூட்டத்தில் துரை பிரசங்கம் செய்தார்.

"கனவான்களே, உலகத்தில் ரப்பர் மிதமிஞ்சி இருக்கின்றது. கூலிகளும் மிதமிஞ்சி இருக்கின்றார்கள். இந்தச் சிறிய குல்லாவினால் ரப்பர் செலவாகும், கூலி குறையும். ஒரு வியாதியைக் கொண்டு மற்றொரு வியாதியைக் குணப்படுத்துகின்றோம். ராசம்மா இதைத் தனக்காகச் செய்யவில்லை. வியாபாரத்துக்காகச் செய்கின்றாள். ராசம்மா, நீ இருக்கின்றாயா?"

"இருக்கேங்க."

"உன்னைப் பற்றி எனக்குப் பெருமையாக இருக்கின்றது."

ஆகக்கூடி, முதல் நாள் கொசுப் படத்துக்கு முன்னால் ராசம்மா ஒரு நொடியில் தேர்ந்தெடுத்ததையே கமிட்டியும் பல மாதம் யோசித்துத் தேர்ந்தெடுத்தது. குல்லாவுக்குச் சிங்கப்பூருக்கு எழுதிப் போட்டார்கள். அது பாலத்தைக் கடந்து, ஜொகூர் பாரு வழியாக நாலாங்கட்டைக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு மழைக்காலம் முடிந்து, காளியப்பனுக்கு வாசலில் படுத்துப் படுத்து நெஞ்சில் சளி கட்டிவிட்டது.

வந்த அன்று பெரட்டுக் களத்தில் ஆண், பெண் எல்லாரையும் வரிசையாக நிறுத்திவைத்து, துரை ஒரு தகர டப்பாவை உயரத் தூக்கிக் காட்டினார். கத்திக்கும் வாளிக்கும் போடுவது போலவே டப்பாவின் மூடியிலும் சிவப்புச் சாயத்தில் தோட்டத்து நம்பர் போட்டிருந்தார்கள்.

"இதற்குள் இருப்பது நீங்கள் வெட்டிய பால்" என்றார் துரை. "சீமைக்குப் போய், படித்துத் தேறித் திரும்பி வந்திருக்கின்றது. ராசம்மா, முன்னே வா. வெட்கப்படாதே. வெட்கத்தினால் தோட்டத்துக்கு ஒரு இலாபமும் இல்லை."

ஆண்கள் எல்லாரும் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார்கள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராசம்மாவுக்கு உடம்பே கூசிக் குறுகியது. மானம் போனால் போகட்டும், பிள்ளைகளுக்குத் தாய் மிஞ்சட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போய் டப்பாவை வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். எப்படி வைத்துக்கொள்வது என்று டிரஸர் வீட்டம்மா முந்தின நாளே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அன்று மரத்துக்கு மரம் போகும்போது அவள் கால் தரையில் பாவவில்லை. டாக்டர் துரை பேசிவிட்டுப் போன நாளிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போயிருந்தது. இன்றைக்கு அந்த மனுஷனை உள்ளே வந்து படுக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பால் நிறுத்து முடிந்து, கத்தியையும் வாளியையும் ஸ்டோரில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"மற்றது?" என்றார் கிராணி.

"எதுங்கய்யா?"

"டப்பா."

ராசம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. "ஐயா, அது ராத்திரிக்குங்க."

"ராத்திரிக்கோ பகலுக்கோ, அது எனக்குத் தெரியாது. நம்பர் போட்ட தளவாடம். காலமை குடுத்தது பின்னேரம் திரும்பி வரவேணும். தளவாடம் லயத்துக்குப் போகாது. நாளைக்கு வா, ஒழுங்காத் தருவன்."

"பகல்ல அத வெச்சிக்கிட்டு நான் என்னங்கய்யா செய்ய?"

கிராணியின் காது சிவந்துவிட்டது. "உந்தக் கதையெல்லாம் என்னோட கதைக்காதை. வைச்சிட்டுப் போ."

கத்தியை வாங்கினால் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்காமல் உள்ளே எடுத்துப் போகிறவர் அல்ல அவர். டப்பாவை மட்டும் துண்டால் பிடித்து, உடம்பில் படாமல் தூரமாக நீட்டிக்கொண்டு, உள்ளறைக்குக் கொண்டுபோனார். அங்கே வைத்துத் திறந்து பார்ப்பார் போலிருக்கிறது என்று ராசம்மா நினைத்துக்கொண்டாள்.

அன்று தொடங்கி அதுவே வழக்கமாயிற்று. ரப்பர் குல்லா பகலெல்லாம் அவள் மடியில் பால்மரக் காட்டைச் சுற்றிப் பார்த்தது. ராத்திரியில் ஸ்டோர் அலமாரியில் தூங்கியது. காளியப்பன் வாசலில் தூங்கினான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் துரையிடமே போய் நின்றாள். துரை காது கொடுத்துக் கேட்டார். கேட்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

"உன் நியாயம் எனக்கு விளங்குகின்றது. ஆனால் இன்று ஒரு குல்லா லயத்துக்குப் போனால், நாளை ஒரு கத்தி போகும். கத்தி போனால் பால் களவு போகும். பால் களவு போனால் கம்பெனியே போகும். உன் ஒருத்திக்காகக் கம்பெனி போகலாமா?"

"போவக் கூடாதுங்க."

"நீ புத்திசாலி."

துரை நெற்றியைத் தடவினார். பிறகு மேசையில் தட்டினார். அவருக்கு யோசனை வந்துவிட்டது. இவ்வளவு அருமையான தளவாடம் ஸ்டோரில் இருக்கும்போது அதற்குத் தனிக் காவல் வேண்டாமா? அந்தக் காவல் வேலையைக் காளியப்பனுக்கே கொடுத்தார். பொழுது சாய்ந்ததும் அவனை ஸ்டோருக்குள் விட்டு வெளியே பூட்ட வேண்டும். பெரட்டுக்கு முன்னால் திறந்துவிட வேண்டும். இடையில் எந்தக் காரணத்துக்காகக் கதவைத் திறந்தாலும், துரையே நேரில் வந்து ஒவ்வொரு பெட்டியையும் டப்பாவையும் திறந்து பார்த்த பிறகுதான் ஆள் வெளியே போகலாம்.

"கவனி, ராசம்மா. இரவில் குல்லா ஸ்டோரில். புருஷன் ஸ்டோரில். பெண்சாதி லயத்தில். இதைவிடப் பத்திரமான முறை வேறெந்தத் தோட்டத்தில் உண்டு?"

இல்லையென்று எப்படிச் சொல்வது? அவள் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு புருஷனும் பெண்சாதியும் பார்த்துக்கொண்டது விடிகாலையில், பெரட்டுக் களத்துப் பாதையில்தான். அவன் ஸ்டோரிலிருந்து வருவான், அவள் ஸ்டோருக்குப் போவாள். "களவு பண்ணினவனக் கூட இப்படிப் பூட்டி வெக்க மாட்டாங்கடி" என்பான் அவன். "உசுரோடதான இருக்கேன், போங்க" என்பாள் அவள். ஒருநாள் பாதை என்றும் பார்க்காமல் அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தாள். காங்காணி பார்த்துவிட்டு, பெரட்டுக்கு நேரமாகிறது என்று சத்தம் போட்டார்.

தீபாவளி வந்தது. துரைக்கு இரக்கம் உண்டு. காளியப்பனுக்கு ஒரு ராத்திரி லீவு கொடுத்து, அவனுக்குப் பதில் பஞ்சாபிக் காவல்காரர் ஒருவரை ஸ்டோருக்குள் போடச் சொன்னார். முந்தின நாள் பின்னேரம் ராசம்மா ஸ்டோர் ஜன்னலில் தயங்கி நின்றாள்.

"ஐயா, நாளைக்கு அவரு வீட்டுல இருப்பாரு. இன்னிக்கு ஒரு நாளு மட்டும் டப்பாவ எடுத்திட்டுப் போறேங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"லீவு நாளில தளவாடம் குடுக்கிறேல்லை" என்றார் கிராணி. "வேலை இல்லாத நாளில உனக்குத் தளவாடம் என்னத்துக்கு?"

தீபாவளியன்று பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். ஆட்டுக்கறி வாங்கி லயத்தில் எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். காளியப்பன் கள்ளுக்கடைப் பக்கமே போகவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்து, சீயக்காய் மணக்க, அடுப்படியில் உட்கார்ந்து அவள் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் தூங்கின பிறகு பழைய வழக்கத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு எழுந்தான். அவள்தான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அதற்காக அவளைக் குற்றம் சொல்கிறவர்கள், புருஷனைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு இத்தனை காலம் தனியாகப் படுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் வந்து சொல்லட்டும்.

தை பிறப்பதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதலில் தெரிந்தபோது பால்மரத்தடியிலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பயம் என்றால் அப்படியொரு பயம். ஆயாக்கொட்டகையில் விட்டுவந்த மூன்று முகமும் கண்முன்னே வந்து வந்து நின்றன.

வயிறு தெரியத் தொடங்கியதும் விசாரணை வைத்தார்கள். ஸ்டோரிலேயே மேசை போட்டு, டப்பாவைக் கொண்டுவரச் செய்து, தோமஸை விட்டுத் திறக்கச் சொன்னார் துரை. கிராணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோமஸ் குல்லாவில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதன்மேல் தூவியிருந்த வெள்ளை மாவுகூடக் கலையாமல் இருந்ததாம்.

துரைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "இத்தனை மாதம் உழைத்தும் ஒரு கீறல் இல்லை. என்ன ரப்பர், என்ன ரப்பர்" என்றார். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். "ராசம்மா, தளவாடத்தில் குற்றமில்லை. ஆகையால் குற்றம் உன்னுடையது."

"துரைங்களே, அத நான் ஒரு நாளும் உபயோகப்படுத்தலீங்களே."

"தினந்தோறும் வாங்கினாயா?"

"வாங்கினேங்க."

"தினந்தோறும் திருப்பிக் கொடுத்தாயா?"

"குடுத்தேங்க."

"பிறகு எப்படி உபயோகப்படுத்தவில்லை என்கின்றாய்?"

துரை சுவரைப் பார்த்து நின்ற கிராணியிடம் திரும்பினார். "நீர் தினந்தோறும் டப்பாவைத் திறந்து, குல்லா உள்ளே இருக்கின்றதா என்று பார்த்தீரா?"

"சிவ சிவா" என்றார் கிராணி. "உதைத் திறந்து பாக்கிறதோ? நான் விரதக்காரன். ஒரு நாள்கூடத் திறந்து பாக்கேல்லை, ஆட்டியும் பாக்கேல்லை. டப்பா வந்ததோ, பூட்டினனோ, என்ர வேலை அவ்வளவுதான்."

"சரியான நடத்தை" என்றார் துரை. "நம்பர் டப்பாவுக்குத்தான் போட்டிருக்கின்றது."

ராசம்மா மேசைமேல் இருந்த டப்பாவைப் பார்த்தாள். ஒரு நாள்கூடத் திறந்து பார்க்கவில்லையாம். குல்லாவை எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டு வெறும் டப்பாவைக் கொடுத்திருந்தால் அதையும் துண்டால் பிடித்துக்கொண்டு போய்ப் பூட்டியிருப்பார். தீபாவளிக்கு முந்தின நாள் ஜன்னலில் நின்று கெஞ்சினோமே, அந்தக் கெஞ்சல் எதற்கு? இத்தனை காலம் ஒரு நாள் தவறாமல், யோக்கியமாக, தன் உயிரைத் தானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோமே. அவளுக்கு அழுகை வரவில்லை. அடிவயிற்றிலிருந்து சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தீர்ப்பில் அவளுக்குத் திருப்தி என்று துரை எடுத்துக்கொண்டார்.

வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் குல்லா எதற்கு என்று, அதை இன்பராணிக்கு மாற்றினார்கள். பக்கத்து லயத்துப் பெண். இரண்டு பெற்றவள். ரத்தமே இல்லாத உடம்பு. டாக்டர் துரை அவளுக்கும் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தார். தோமஸ் குல்லாவை மருந்துத் தண்ணீரில் அலசிக் கொடுத்தார். இன்பராணியின் புருஷனையும் ஸ்டோருக்குள் போடுவதா என்று கிராணி கேட்டதற்கு, ஒரு டப்பாவுக்கு ஒரு காவல் போதும், காளியப்பனே இருக்கட்டும் என்று உத்தரவாயிற்று.

முதல் நாள் காலையில் பால்மரக் காட்டுக்குள் நுழைந்ததும் ராசம்மா அவளைத் தனியாக இழுத்துப் போனாள்.

"குல்லாவ எடுத்து மடியில முடிஞ்சிக்க. அது இனிமே ஒன் வீட்டுல இருக்கட்டும். கிராணிகிட்ட டப்பாவ மட்டும் குடு."

"ஐயோ அக்கா, தொறந்து பாத்துட்டா?"

"பாக்க மாட்டாரு. அவரு விரதக்காரரு."

இன்பராணி மூடியைத் திறந்தாள். அன்று பின்னேரம் கிராணி வெறும் டப்பாவைத் துண்டால் பிடித்து வாங்கி, உள்ளே வைத்துப் பூட்டினார். பொழுது சாய்ந்ததும் காளியப்பன் அதற்குக் காவலாக உள்ளே போய் உட்கார்ந்தான். அவனுக்கு விஷயம் தெரியாது. சம்பளத் தேதியில் அவன் வாய்க்குப் பூட்டு இல்லை என்பதால் ராசம்மா அவனிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் அவளுக்கு வலி எடுத்தது. காளியப்பனை உள்ளே விட்டுப் பூட்டி அப்போதுதான் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. லயத்துப் பெண்கள் அவளைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. நன்றாக வாய்விட்டு அழுதது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. தோமஸ் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தார். குளுவாங்குக்கு ஆள் அனுப்பினார். மழையில் பாலம் முங்கிக் கிடக்கிறது, விடிந்துதான் மோட்டார் வரும் என்று போனவன் திரும்பி வந்து சொன்னான்.

ராசம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "ஐயா, அவர ஒரு தடவ கூப்பிடுங்க. பாத்துக்கறேன்" என்றாள்.

தோமஸ் இந்தத் தடவை கொசுப் படத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்பவே போய்த் துரைய எழுப்புறேம்மா. அவரு வந்து, எல்லா டப்பாவையும் தொறந்து பாத்துட்டு, காளியப்பன விடுவாரு. கொஞ்சம் பொறுத்துக்க" என்று சொல்லிவிட்டுக் குடையைத் தேடினார்.

கட்டிலின் கால்மாட்டில் இன்பராணி நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. இருந்தாலும் குனிந்து ராசம்மாவின் காதில், "போனாப் போவுது அக்கா. அண்ணன் வரட்டும். என் பாட்ட நான் பாத்துக்கறேன்" என்றாள்.

"நல்லா பாத்துக்குவ" என்றாள் ராசம்மா. "அடுத்த வருசம் இதே கட்டில்ல வந்து படுத்துக்கிட்டுப் பாத்துக்குவ. சும்மா இரு."

குடையோடு வாசலுக்குப் போன தோமஸை அவள் குரல் நிறுத்தியது.

"ஐயா, வேண்டாங்க. தொறக்கச் சொல்லாதீங்க. அவரு காவல்லயே இருக்கட்டும்."

பிறகு குழந்தையைப் பக்கத்தில் போடச் சொல்லி, அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். ஒரே ஒருமுறை ஸ்டோர் இருந்த திசையில் தலையைத் திருப்பினாள். பெரட்டு மணி அடித்துக் கதவைத் திறந்துவிட்டதும், காளியப்பன் ஓடி வந்து சேர்ந்தபோது அவள் உடம்பு குளிர்ந்திருந்தது.

அவளை எடுத்துப்போட அவனுக்கு அரைநாள் லீவு கொடுத்தார்கள். பொழுது சாய்ந்ததும் வழக்கம்போலக் காவலுக்கு வந்துவிட வேண்டும் என்று துரை ரொம்பப் பரிவோடு சொல்லியனுப்பினார்.

அன்று பின்னேரமும் இன்பராணி ஸ்டோர் ஜன்னலில் போய் நின்று டப்பாவை நீட்டினாள். கிராணி துண்டால் பிடித்து வாங்கிக்கொண்டார். அவருக்கும் மனசு கனத்துத்தான் இருந்தது.

"பாவம், நல்ல பெட்டை" என்றார். "ஒரு நாள் பிந்தினதில்லை, ஒரு நாள் மறந்ததில்லை. தளவாடத்தை எப்பிடித் திருப்பிக் குடுக்கிறதெண்டு ராசம்மாவிட்டத்தான் நீ படிக்கவேணும்."

"அவங்ககிட்டதாங்கய்யா படிச்சேன்" என்றாள் இன்பராணி.